முன்னால் போன பை

என்னுடைய மாமியார் மங்கையற்கரசி என்னோடு பேசி மூன்று வருடமாகியிருந்தது. துர்க்காவும் நானும் பிரிந்த அன்று, "இனி உம்மட முகத்திலை முழிக்கிறேல்லை" என்று சொன்னவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் மகள் ஆரபியைப் பார்க்க, ரொறன்ரோவுக்கு வெளியே மார்க்கம் என்ற ஊரில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போகும் நாட்களில் அவர் மேல்மாடிக்குப் போய்விடுவார். வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். அது மருமகனுக்கும் பொருந்தும் என்று நான் விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் ரெலிபோன் எடுத்து, "தம்பி ஜனார்த்தன், சுகமா இருக்கிறியளே?" என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்தது பயம்.

"ஆரபிக்கு என்ன?" என்றேன்.

"அவளுக்கு ஒண்டுமில்லை. உங்களிட்டை ஒரு உதவி கேக்கவேணும்."

மாமி என்னிடம் உதவி கேட்பதும் சூரியன் மேற்கே உதிப்பதும் ஒன்றுதான். அந்த உதவியும் மேற்குத் திசை பற்றியதாகவே இருந்தது.

அவர்கள் போகிறார்கள். அதுதான் விசயம். துர்க்கா அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், டெ மொயின் என்ற ஊரில் வேலை எடுத்திருந்தாள். அந்த நாட்டின் நடுவயிற்றில் இருக்கிற ஊர். சோளக்காடும் காப்புறுதிக் கொம்பனிகளும்தான் அங்கே அதிகம் என்று தேடிப் பார்த்து அறிந்துகொண்டேன். அப்படிக் கொம்பனி ஒன்றில்தான் அவளுக்கும் வேலை. வீட்டிலிருந்து ஒபீசுக்குப் பத்து நிமிடக் கார் ஓட்டமாம். பின்வளவில் பிள்ளை ஓடி விளையாடலாமாம். நாலு முனைச் சந்தியில் நாலு காரும் நின்று "நீ போ, இல்லை நீ போ" என்று கை காட்டிக்கொண்டு நிற்பார்களாம். ரொறன்ரோவில் அப்படி நின்றால் பின்னால் வருகிறவன் ஹோர்ண் அடித்தே ஆளைக் கொன்றுவிடுவான்.

பிள்ளையைக் கொண்டுபோக நான் சம்மதித்துக் கையெழுத்து வைத்திருந்தேன். வைக்காமல் விட்டிருக்கலாம், சட்டம் என் பக்கம் கொஞ்சம் இருந்தது. ஆனால் நான் பேக்கரிப் பாண் கொம்பனியில் லொறி ஓடுகிறவன். விடிய முன்னம் கடை கடையாகப் பாண் இறக்குவது வேலை. ஒரு பனிக்காலம், மார்க்கத்தில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காரைப் பார்த்தேன். துர்க்காவின் கார். பின் சீற்றில் என் மகள் கையில் பாதி வாஃபிளோடு நித்திரை. வெளியே இன்னும் இருட்டு. அவளைப் பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு துர்க்கா ரொறன்ரோவுக்குள் வேலைக்கு ஓட வேண்டும். திரும்பி வந்து எடுக்கும்போதும் இருட்டிவிடும். பச்சை விளக்கு வந்ததும் இரண்டு பேரும் இரண்டு பக்கம் போனோம். துர்க்கா என்னைக் காணவில்லை. "இங்கை எனக்கு மூச்சு விடேலாது, ஜனா" என்று அவள் பிறகொரு நாள் சொன்னபோது, அந்தப் பாதி வாஃபிள்தான் என் கண்ணுக்குள் வந்தது. கையெழுத்தை வைத்தேன்.

ஆனால் அந்த ஊருக்கு நான் போக முடியாது. நான் அகதிக் கப்பலில் வந்தவன். கனடா என்னை அடைத்து வைத்து, விசாரித்து, பல வருடம் இழுத்தடித்து, கடைசியில் சரி இரு என்றது. அமெரிக்கா அப்படி இல்லை. இரண்டு முறை விசாவுக்குப் போனேன், இரண்டு முறையும் இல்லை என்றார்கள். இனி எத்தனை தரம் கேட்டாலும் இதுதான் பதில் என்று லோயர் சொல்லிவிட்டார். கோடை விடுமுறைக்கும் கிறிஸ்மஸுக்கும் பிள்ளையை இங்கே அனுப்புவது என்று பேச்சு. ஏழு வயதில் வருவாள். பதின்மூன்று வயதில் வருவாளா? பதினாறில்? எனக்குத் தெரியும், யாரும் சொல்லத் தேவையில்லை. ஆரபிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. "அப்பா பேந்து வருவார்" என்று துர்க்கா சொல்லி வைத்திருந்தாள். நானும் அதை மறுத்துச் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

மாமியின் உதவிக்கு வருகிறேன். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காரில் வெளிக்கிட வேண்டும். சனிக்கிழமை வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுக்க வேண்டும், அடுத்த கிழமை துர்க்கா வேலையில் நிற்க வேண்டும். வேறு நாள் இல்லை. ஞாயிறு மேற்கே சூலம். அயோவாவோ நேர் மேற்கு.

"சூலத்திலை பிள்ளையைக் கொண்டு வெளிக்கிடேலாது, தம்பி. அதுதான் பரஸ்தானம் வைக்கப்போறன்" என்றார் மாமி.

பரஸ்தானம் என்றால் இதுதான்: பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில், போகிற திசையில் இருக்கிற வேறொருவர் வீட்டில் நம்முடைய பையைக் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை வெளிக்கிட்டால் ஆள் வெளிக்கிட்ட மாதிரி. பிறகு எந்தக் கெட்ட நாளிலும் போய்ப் பையை எடுத்துக்கொண்டு அப்படியே போகலாம். கிரகங்களை ஏமாற்ற எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி.

"நல்லது, வையுங்கோ" என்றேன்.

"எங்கை வைக்கிறது? எங்கட சனம் முழுக்கக் கிழக்கையெல்லோ இருக்கு. தங்கச்சி ஸ்காபரோவிலை. மச்சாள் ஏஜக்ஸிலை. பிரம்ப்டனிலை ஒண்டைவிட்ட தமையன் ஒருத்தர் இருக்கிறார், அங்கை இப்ப செத்தவீட்டுத் துடக்கு." குரலைத் தணித்தார். "மேற்குப் பக்கமா இருக்கிறது நீங்கள் ஒராள்தான்."

"நான் இருக்கிறது தென்மேற்கு, மாமி."

"தென்மேற்கிலையும் மேற்கு இருக்குத்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருடமாக என் நிழலே ஆகாது, இப்போது என் திசை மட்டும் ஆகும். ஏதாவது சுடச்சுடச் சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் பிள்ளைக்காகப் பயப்படுகிற மனிசி. கொண்டுவரச் சொன்னேன்.

புதன்கிழமை பின்னேரம் மூன்று பேரும் வந்தார்கள். "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது" என்று சொல்லிக்கொண்டே மாமி என் வீட்டு வாசலை முதல் தரமாக மிதித்தார். ரொறன்ரோ நகர நடுவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியில், ஒற்றை அறை வீடு. லிஃப்டுகளில் ஒன்று எப்போதும் பழுது. அதில் காத்து நின்ற கோபம் மாமியின் முகத்தில் இருந்தது. துர்க்கா அவருக்குப் பின்னால் நின்று, "சொறி ஜனா. அம்மாவைத் தெரியும்தானே" என்றாள். பெட்டி கட்டிக் கட்டி அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

மாமி ஒரு சின்னச் சூட்கேசைக் கதிரையில் வைத்தார். அதற்குள் மாமிக்கும் துர்க்காவுக்கும் ஒவ்வொரு உடுப்பும் ஒரு பிடி அரிசியும். ஆரபி தன்னுடைய உடுப்பைச் சூட்கேசுக்குள் வைக்க விடவில்லையாம். தன் ஊதா நிறப் பள்ளிக்கூடப் பையைத் தனியாகக் கொண்டுவந்திருந்தாள். அதையும் கதிரையில் ஏற்றினார்கள்.

"இனி உந்தப் பையள் திரும்பி அந்த வீட்டை போகக்கூடாது, விளங்குதோ?" என்று மாமி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "பை போட்டுதெண்டால் ஆள் போட்டுது. அதுக்குப் பேந்து பழைய வீட்டிலை இருக்கிறது விருந்தாளி மாதிரித்தான்."

"என்ரை ஸ்கூல் பாக்குமா, அம்மம்மா?" என்று ஆரபி கேட்டாள்.

"ஓம் குஞ்சு. உன்ரை பையும்தான். இனி அது அங்கை வராது."

ஆரபி என்னைப் பார்த்தாள். பிறகு தன் பையைப் பார்த்தாள். துர்க்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நாங்கள் மூன்று வளர்ந்த ஆட்கள் அந்த இடத்தில் நின்றோம். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை விடியவே துர்க்கா அவளைக் கொண்டுவந்து விட்டாள். மார்க்கத்து வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு, தாயும் மகளும் அன்றிரவு ஸ்காபரோவில் தங்குவது, ஞாயிறு காலை வந்து பிள்ளையையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு அப்படியே போவது என்று ஏற்பாடு. எங்களுக்குக் கடைசிச் சனிக்கிழமை. அழுகைக்கு நான் ஆயத்தமாக இருந்தேன். இரண்டு நாளாக வேலையில் பாண் தட்டு அடுக்கும்போதெல்லாம் என்ன சொல்லித் தேற்றுவது என்று ஒத்திகை பார்த்தேன்.

அவள் அழவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. நகரத்துக்குள்ளேயே பக்கத்தில் இருக்கிற சின்னப் பண்ணைக்குப் போய் மாட்டையும் பன்றியையும் பார்த்தோம். அவள் ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர் வைத்து, "பாய், அடுத்த கிழமை வாறன்" என்று கை காட்டினாள். ஸ்ட்ரீட்காரில் ஏறி ஒரு சுற்றுப் போனோம். ரோல்ஸ் வாங்கித் தின்றோம். வழி முழுக்கப் பாட்டும் சிரிப்பும். எனக்கு மனம் நொந்துபோயிற்று. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? அப்பனை விட்டுப் போகிற பிள்ளை இப்படியா துள்ளும் என்று ஏழு வயதுப் பிள்ளையோடு உள்ளுக்குள் கோபித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பையைத் திறந்தாள். உடுப்புகளை எடுத்து என் அலுமாரியின் கீழ்த் தட்டில் அடுக்கினாள். என் சேட்டுகளை ஒரு பக்கம் தள்ளி இடம் எடுத்தாள். தான் கீறிய படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள்.

"எல்லாத்தையும் ஏன் எடுக்கிறாய், குஞ்சு? நாளைக்குப் பேந்தும் அடுக்கவெல்லோ வேணும்."

"ஏன்?" என்றாள் அவள். "நான் இங்கைதானே இருக்கப்போறன்."

"என்ன?"

"மை பாக் இங்கை வந்திட்டுது. அம்மம்மா சொன்னவ, இனி அது அங்கை வராதெண்டு. பாக் போனால் ஆள் போனதெண்டு." என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். "அம்மாவும் அம்மம்மாவும் டெ மொயினுக்குப் போகினம். நான் உங்களோடை. அம்மாக்கு கவலையா இருக்கும் எண்டுதான் நான் அவவுக்கு முன்னாலை ஹாப்பி காட்டேல்லை."

புதன்கிழமையிலிருந்து பிள்ளை இதைத்தான் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

அந்த நேரம் எனக்கு என்ன வந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். சந்தோசம் வந்தது. பொங்கிப்போன சந்தோசம். என்னை விட்டுப் போகிற துள்ளல் இல்லை அது. என்னோடு இருக்கப்போகிற துள்ளல். காலை முழுக்கக் கோபித்துக்கொண்டு நடந்த மடையன் நான். அவளைத் தூக்கி முத்தமிட்டேன். பிறகு, "அப்பா ஒரு கோல் எடுத்துப்போட்டு வாறன்" என்று பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

சம்மதத்தைத் திருப்பி எடுக்கலாம். பிள்ளையே இருக்கப்போகிறேன் என்று சொல்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கீழேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒரு கோல், ஒரே ஒரு கோல். துர்க்காவின் நம்பரை அழுத்தினேன்.

"ஜனா? என்ன, ஆரபி ஓகேயா?" பின்னால் பெட்டிகளை ஒட்டி மூடுகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"துர்க்கா, ஒரு கதை..." என்று தொடங்கிக்கொண்டே கண்ணாடிக்குள்ளால் உள்ளே பார்த்தேன்.

ஆரபி ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு போய் வாசற்கதவடியில் போட்டிருந்தாள். அதில் ஏறி, நுனிக்காலில் நின்று, மேலே இருக்கிற சங்கிலியைக் கொளுவினாள். கழற்றினாள். திரும்பவும் கொளுவினாள். இறங்கி, கதவுக் கைபிடியை ஆட்டிப் பார்த்தாள். பூட்டியிருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டாள். பிறகு திரும்பவும் ஏறினாள்.

"என்ன கதை? சொல்லுங்கோ, ஜனா."

"ஒண்டுமில்லை" என்றேன். "நாளைக்கு விடிய வெள்ளனவே வருவியளோ?"

உள்ளே போய், "என்ன செய்யிறாய்?" என்று கேட்டேன்.

"பிராக்டிஸ்" என்றாள். எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். "நீங்கள் வேலைக்குப் போகேக்கை நான் நித்திரை. நீங்கள் போனாப்பிறகு நான் எழும்பிச் செயினைப் போடுவன். பேந்து அலாம் அடிச்சால் சீரியல் சாப்பிடுவன். ஸ்கூலுக்கு நானே போவன். லிஃப்ட் வேலை செய்யாட்டி படியிலை."

"பதினாறு மாடி, குஞ்சு."

"இறங்கிறதுதானே, ஈஸி."

"தனிய இருக்கப் பயமில்லையோ?"

சங்கிலியைத் திரும்பவும் தொட்டுப் பார்த்தாள். "கொஞ்சம். ஆனால் எல்லா லைட்டையும் போட்டு வைப்பன். நீங்கள் வேலையை விடத் தேவையில்லை, அப்பா."

கையில் பாதி வாஃபிளோடு நித்திரையான பிள்ளை. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் கையெழுத்து வைத்தேன். இங்கே என்னோடு இருந்தால் அவளுக்கு அந்தக் காரும் இல்லை, ஓட்டுகிற தாயும் இல்லை. இருட்டில் எழும்பி ஒரு கதிரையில் ஏறிக் கதவைப் பூட்ட வேண்டும். வேறு வேலை தேடலாம் என்று உடனே மனம் சொன்னது. அதே மனம், எத்தனை வருடமாகத் தேடுகிறாய் என்றும் கேட்டது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நான் நிற்கலாம். அவளை அப்படி நிற்க வைக்க முடியாது.

கதிரையை மேசைக்குத் திருப்பிக் கொண்டுவந்து, அவளை மடியில் இருத்திச் சொன்னேன். பை இங்கே வந்தது வழியில் தங்கத்தான். அது டெ மொயினுக்குப் போகிற பை. நீயும் அதோடுதான் போகிறாய்.

முதலில் அவள் நம்பவில்லை. "அம்மம்மா பொய் சொன்னவவோ?" என்றாள்.

"இல்லைக் குஞ்சு. அம்மம்மா முழுக்கச் சொல்லேல்லை. அவ்வளவுதான்."

"அப்ப நீங்கள் என்னைக் கேக்கேல்லையா?" அவள் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. "அம்மா என்னைத் தனக்கு வேணுமெண்டு கேட்டவ. நீங்கள் கேக்கேல்லையா?"

"எனக்கு நீ வேணும்" என்றேன். "ஒவ்வொரு நாளும் வேணும். நித்திரையிலையும் வேணும்."

அப்போதுதான் அழுதாள். நான் காலை முழுக்க எதிர்பார்த்த அழுகை, இப்போது இரண்டு மடங்காக வந்தது. என் நெஞ்சில் குத்தினாள். போய்க் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய படத்தைப் பிய்த்தாள், பிறகு அதை மார்போடு வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதாள். நானும் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். பிள்ளைக்கு முன்னால் தகப்பன் அழக்கூடாது என்பார்கள். சொன்னவனுக்குப் பிள்ளை இல்லாமல் இருந்திருக்கும்.

அழுது ஓய்ந்து, நான் குழைத்துக் கொடுத்த சோற்றில் பாதியைத் தின்றபிறகு, "அப்பா" என்றாள். "பாக் முதல் போனால் ஆள் கட்டாயம் போகவேணுமோ?"

"ஓம். அதுதான் முறை."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

எழும்பி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அலுமாரிக்கு மேலே பழைய பயணப் பை ஒன்று கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "உது உங்களுக்குத் தேவையில்லாத பாக். தேவையில்லாட்டி நீங்கள் வரமாட்டியள்." நேராகப் போய்க் கதவில் தொங்கிய என் வேலைப் பையைக் கழற்றினாள். கறுப்புப் பை, தோள் பட்டி தேய்ந்தது. சாப்பாட்டுப் பெட்டி, தேத்தண்ணிப் போத்தல், கையுறை, குளிருக்குப் போடுகிற ஸ்வெற்றர் எல்லாம் அதற்குள்தான். "இது" என்றாள்.

நான் வர முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையின் நெஞ்சை எத்தனை தரம் உடைக்கலாம்? "சரி, குஞ்சு" என்றேன். அவள் அந்தப் பையையும் தன் ஊதாப் பையையும் கதிரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஞாயிறு காலை துர்க்கா மேலே வந்து சூட்கேசை எடுத்தாள். ஆரபி ஊதாப் பையை முதுகிலும் என் பையைத் தோளிலும் போட்டுக்கொண்டு லிஃப்டில் நின்றாள். என் பை அவளுடைய முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"உது அப்பாவின்ரை வேலை பாக் எல்லே?" என்றாள் துர்க்கா.

"அப்பாவின்ரை பரஸ்தானம்" என்றாள் ஆரபி.

துர்க்கா என்னைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. அவள் சட்டென்று லிஃப்டின் நம்பர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தில்கூட அப்படி ஒரே துக்கத்தில் இரண்டு பேரும் நின்றதில்லை.

கார் கூரை வரை சாமான். மாமி முன் சீற்றில் மடியில் கைப்பையோடு இருந்தார். ஆரபி ஓடிப்போய் யன்னலுக்குள்ளால் என் பையை நீட்டினாள். "அம்மம்மா, அப்பாவும் வெளிக்கிட்டிட்டார். பாக் முதல், ஆள் பேந்து. ஓகேயா?"

மாமிக்கு எல்லாம் தெரியும். கப்பலில் வந்தவனுக்கா பெட்டையைக் கொடுக்கிறது என்று கலியாணத்தை எதிர்த்தவரே அவர்தான். விசா மறுத்த கதையை அவர் ஊர் முழுக்கச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அவர் பையைப் பார்த்தார், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இண்டைக்கு மேற்கை சூலம்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளையின் இந்த ஆசையிலும் இவருடைய சூலமா? வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தன் கைப்பையைத் துழாவி, ஒரு சின்னப் பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே சர்க்கரைக் கட்டி. பனங்கட்டி இல்லை, பொங்கலுக்குப் போடுகிற சர்க்கரை.

"மேற்குச் சூலத்துக்குச் சர்க்கரை வாயிலை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டால் தோசமில்லை" என்று ஒரு துண்டை உடைத்து நீட்டினார். "எங்களுக்குத் தேவையில்லை. நாங்கள் புதனே வெளிக்கிட்டிட்டம். உங்கட பைதான் இண்டைக்கு வெளிக்கிடுது."

நான் அதை வாங்காமல் நின்றேன்.

"போடுங்கோ, தம்பி" என்றார். "நீங்களும் எல்லோ பயணம்."

வாயில் போட்டேன். மாமி என் பையை வாங்கி, பின்னால் இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அவருடைய கண்ணாடி நனைந்திருந்தது. துடைக்கக் கை இல்லை.

ஆரபியைப் பின் சீற்றில் இருத்திப் பட்டி போட்டேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் சொன்னாள்: "நீங்கள் இனி இங்கை விருந்தாளிதான், அப்பா. கனநாள் இருக்கக்கூடாது."

"சரி" என்றேன். சர்க்கரை கரைந்து தொண்டையில் இறங்கியது. இனிப்பு இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கார் போனது. சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபோது பின் கண்ணாடியில் அவளுடைய கை தெரிந்தது. பிறகு பச்சை விழுந்தது, மேற்கே திரும்பிவிட்டார்கள். எனக்குப் பின்னால் காரில் நின்றவன் என்னைப் பார்த்து ஹோர்ண் அடித்தான். நான் றோட்டில் நின்றிருக்கிறேன்.

அடுத்த நாள் விடிய முன்னம் வேலைக்குப் போனேன். சாப்பாட்டையும் புதிதாக எடுத்த ஒரு போத்தலையும் மளிகைக் கடை மஞ்சள் பைக்குள் போட்டிருந்தேன். கையுறை இல்லை. லொறியில் பாண் தட்டு ஏற்றிக்கொண்டிருந்த அன்ட்ரூ என்னோடு பல வருடமாக வேலை செய்கிறவன், என் கறுப்புப் பையைப் பார்த்துப் பழகியவன். "எங்கே உன்னுடைய பை?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"அது முன்னால் போய்விட்டது" என்றேன்.

"எங்கே?"

"டெ மொயினுக்கு."

"நீ எப்போது போகிறாய்?"

நான் பாண் தட்டைத் தூக்கினேன். இரும்பு கையில் குளிர்ந்தது. அன்ட்ரூ பதிலுக்குக் காத்து நின்றான். அவனும் இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன், அவனுக்கு உண்மையைச் சொல்லலாம். ஆனால் பை போன வழியில் ஒரு பிள்ளை ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறாள். நானே போக மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னால், அது அவளை இங்கிருந்தபடியே ஏமாற்றுவது போலிருந்தது.

"விரைவில்" என்றேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு, அவன் தன் கையுறைகளைக் கழற்றி என்னிடம் தந்தான்.